தோள் தூக்கிய தோட்டா

6 அக்டோபர் 2024, ஞாயிறு

ராத்திரி பன்றி வந்துவிட்டுப் போயிருக்கிறது. கிழக்கு வரப்போரம் பதினேழு வாழை காலி. குலையை அது சீண்டுவதே இல்லை. அடிக்கிழங்கைக் கிண்டித் தின்றுவிட்டு மரத்தைச் சாய்த்துப் போட்டுவிட்டுப் போகும். வேலியில் கட்டியிருந்த சேலைகளில் ஒன்று கிழிந்து வாய்க்காலில் கிடந்தது. சேலையைக் கண்டால் ஆள் நிற்கிறதென்று பன்றி பயப்படும் என்று சொன்ன ஆளைத் தேடிக்கொண்டிருக்கிறேன்.

வீட்டில் அப்பாவின் ஒற்றைக்குழல் துப்பாக்கி இருக்கிறது. குழல் அளவு பன்னிரண்டு ‘போர்’, மடக்கித் திறந்து ஒரே ஒரு தோட்டா போடுகிற சாமான். லைசென்ஸில் காரணம் ‘பயிர்ப் பாதுகாப்பு’ என்றுதான் எழுதியிருக்கிறது. ஆனால் அந்தப் பயிரைத் தின்கிற பன்றியைச் சுட்டால் கேஸ் நம்மேல்தான். ஏப்ரலில் பாராளுமன்றத் தேர்தலுக்காக ஸ்டேஷனில் ஒப்படைத்து ஜூனில் திரும்ப வாங்கினேன். எண்ணெய் போட்டுத் துடைத்து வைப்பதோடு சரி.

சாயங்காலம் டெக்சாஸிலிருந்து அக்கா மகன் போன் பண்ணினான். புதிதாக ரைபிள் வாங்கியிருக்கிறானாம். ரூகர் நம்பர் ஒன்.

“மாமா, இதுல ஒரு தோட்டாதான் போட முடியும்.”

“அதுக்கா இம்புட்டுத் துட்டு? நம்ம வீட்டுத் துப்பாக்கியும் அதத்தானல செய்யுது?”

சிரித்தான். அப்புறம் ஒரு மணி நேரம் போனை வைக்கவில்லை.

9 அக்டோபர், புதன்

அவன் அனுப்பிய வீடியோக்களைப் பார்த்தேன். நம் துப்பாக்கி மாதிரி நடுவில் மடங்குவதில்லை. விசைக்குக் கீழே ஒரு நெம்புகோல் இருக்கிறது. அதைக் கீழே தள்ளினால், குழலின் பின்வாசலை அடைத்து நிற்கிற எஃகுக் கட்டை மதகுப் பலகை மாதிரி நேராகக் கீழே இறங்குகிறது. தோட்டாவை உள்ளே தள்ளி நெம்புகோலை ஏற்றினால் பலகை மேலே வந்து அடைத்துக்கொள்ளும். 1872-இல் பார்குவர்சன் என்ற ஸ்காட்லாந்துக்காரர் காப்புரிமை வாங்கிய முறையைப் பார்த்து, 1967 வாக்கில் ரூகர் கம்பெனி செய்து விற்க ஆரம்பித்ததாம். தோட்டா அடுக்கும் மேகசின் கிடையாது, முன்னும் பின்னும் ஓடுகிற போல்ட்டும் கிடையாது. அதனால் அந்த இடம் மிச்சம். 26 அங்குலக் குழல் வைத்தும் மொத்த நீளம் கையடக்கமாக நிற்கிறது.

சின்ன வயதில் காவலுக்கு நிற்கிற போலீஸ்காரர் கையில் பார்த்த .410 மஸ்கட் ஞாபகம் வந்தது. அதுவும் ஒற்றைத் தோட்டாதான். பட்டாளத்து .303 ரைபிளை வங்காளத்து இஷாபூர் துப்பாக்கித் தொழிற்சாலையில் மாற்றிச் செய்தது. அன்றைக்குப் போலீஸ்காரருக்கு ஒரு தோட்டா போதும் என்று வெள்ளைக்காரன் தீர்மானித்தான். இன்றைக்கு இவன் காசு கொடுத்து, எனக்கு ஒன்றே போதும் என்கிறான்.

20 அக்டோபர், ஞாயிறு

ரைபிள் .280 ரெமிங்டன் தோட்டாவுக்குச் செய்தது. அதை அப்படியே வைத்துக்கொள்ளாமல் ‘.280 அக்லி இம்ப்ரூவ்டு’ ஆக மாற்றக் கொடுத்திருக்கிறான். இந்த மாதிரித் தோட்டாக்களுக்கு வைல்ட்கேட் என்று பெயர். எந்தத் தொழிற்சாலையும் செய்யாமல், துப்பாக்கி ஆசாரிகள் பட்டறையில் தாங்களாகவே உருவாக்கியவை. காட்டுப்பூனை! நம்மூரில் வெருகு என்போம். இந்த வெருகு இப்போது வீட்டுப்பூனை ஆகிவிட்டது. நாஸ்லர் கம்பெனி இதைத் தரப்படுத்தித் தானே செய்து விற்கிறது. இருந்தாலும் பழைய பெயர் போகவில்லை.

அக்லி என்பவர் கொலராடோவில் ஒரு கல்லூரியில் துப்பாக்கித் தொழில் சொல்லிக்கொடுத்தவர். 1989-இல் இறந்தார். கடையில் வாங்கிய தோட்டாவின் பித்தளைக் கூட்டை எடுத்து அதன் தோளைத் தூக்கிவிட்டார். அதுதான் அவர் செய்த வேலை.

தோளைத் தூக்குவது என்றால் என்ன என்று எனக்கு விளங்கவில்லை. ஒரு வெறும் கூடு கொண்டுவந்து காட்டுடா என்றேன். “ஏர்போர்ட்ல பிடிச்சா நீங்கதான் வந்து ஜாமீன் எடுக்கணும் மாமா” என்றான். நியாயம்தான், வெறும் கூடானாலும் விடமாட்டார்கள். அளவு மட்டும் எழுதி அனுப்பினான்.

அதை எடுத்துக்கொண்டு அம்பாசமுத்திரத்தில் சொப்புச் சாமான் கடைகிறவரிடம் போனேன். “அண்ணாச்சி, இதென்ன, புட்டியா?” என்று கேட்டார். புட்டிதான், ரெண்டு வேணும், அளவில் மூன்று மடங்கு பெரிதாக என்றேன். மரத்தைப் பட்டறையில் மாட்டி, உளியை வைத்ததும் சீவல் சுருள்சுருளாகக் கொட்டியது. கால் மணி நேரத்தில் இரண்டும் தயார். ஒன்றுக்குச் சிவப்பு அரக்கு, ஒன்றுக்கு மஞ்சள். கடையில் அடுப்பு, உரல், குடத்துக்கு நடுவில் நிறுத்திவைத்துப் பார்த்தேன். ஒன்றும் வித்தியாசமாகத் தெரியவில்லை.

பக்கத்தில் வைத்துப் பார்த்தால்தான் புரிகிறது. உடம்பு கழுத்தாகக் குறுகுகிற இடம்தான் தோள். சிவப்புக்கு உடம்பு மேலே போகப்போகக் கொஞ்சம் ஒடுங்குகிறது, தோள் சரிந்திருக்கிறது. பதினேழரை பாகை. மஞ்சளுக்கு உடம்பு கிட்டத்தட்ட நேர் உருளை, தோள் 40 பாகை, வெடுக்கென்று திரும்புகிறது. அசல் அளவில் தோளின் குறுக்களவு 11.2 மில்லிமீட்டரிலிருந்து 11.5 ஆகிறது, அவ்வளவுதான். அந்த இடத்தில் இன்னும் கொஞ்சம் வெடிமருந்து பிடிக்கும். 140 கிரெயின், அதாவது ஒன்பது கிராம் எடையுள்ள குண்டு வினாடிக்கு 3000 அடி போன இடத்தில் 3150 அடி போகும்.

கணக்குப் போட்டேன். நூற்றுக்கு ஐந்து. இருநூறு கஜத்தில் குண்டு இறங்குவதில் ஒரு அங்குலம்கூட வித்தியாசம் வராது. மானுக்கு இது தெரியவா போகிறது?

“மானுக்குத் தெரியாது மாமா. கூட்டுக்குத் தெரியும்” என்றான். ஒடுங்கிய கூடு ஒவ்வொரு வெடிக்கும் முன்பக்கமாக நீண்டு கழுத்து வளர்ந்துவிடுமாம், அடிக்கடி வெட்டிவிட வேண்டும். நேர் கூடு அந்த அளவுக்கு நீளாது, பல தடவை மருந்து நிரப்பிப் பயன்படுத்தலாம். அதைக் கேட்டபிறகு எனக்கு அக்லிமேல் மரியாதை வந்தது. பித்தளை விலை தெரிந்த ஆள்.

1 நவம்பர், வெள்ளி

நேற்றுத் தீபாவளி. மிச்சமிருந்த அணுகுண்டு, லட்சுமி வெடி எல்லாவற்றையும் பன்றிக்கென்று எடுத்து வைத்துவிட்டேன். பேரன் முகத்தைத் தூக்கிவைத்துக்கொண்டு இருக்கிறான்.

அங்கே டெக்சாஸில் மருமகனுக்கும் வெடிதான். புது உருவக் கூட்டை அவன் கடையில் வாங்கப் போவதில்லை. சாதாரண .280 தோட்டாவை அந்த மாற்றிய குழலில் போட்டுச் சுட்டால், உள்ளே கிளம்புகிற அழுத்தத்தில் பித்தளை உப்பி, குழலில் தோட்டா உட்காருகிற அறையின் சுவரில் போய் ஒட்டிக்கொள்கிறது. சரிந்த தோளோடு உள்ளே போனது தூக்கிய தோளோடு வெளியே வருகிறது. அச்சில் வார்த்தது போல. சுடுகிற வேலையும் ஆயிற்று, கூடும் ஆயிற்று.

5 நவம்பர், செவ்வாய்

ஆனால் ஒரு சங்கடம். சுட்ட கூடுகளில் அடிப்பக்கத்துக்குச் சற்று மேலே, சுற்றிவர ஒரு பளபளப்பான கோடு தெரிகிறது என்று படம் அனுப்பியிருந்தான். அவனுக்குச் சந்தேகம். ஒரு பேப்பர் கிளிப்பை நிமிர்த்தி நுனியை மட்டும் கொக்கியாக வளைத்து, கூட்டுக்குள் விட்டு உள்சுவரை அடியிலிருந்து மேலே தடவிப் பார்த்திருக்கிறான். கோடு இருந்த இடத்தில் கொக்கி ‘டக்’ என்று ஒரு பள்ளத்தில் விழுந்ததாம். அந்த இடத்தில் பித்தளை இழுபட்டு மெலிந்துவிட்டது. இன்னும் இரண்டு தடவை சுட்டால் கூடு அங்கேயே அறுந்து இரண்டாகிவிடும்.

காரணம் குழலை மாற்றிக் கொடுத்த ஆள். அறையைப் பெரிதாக்கக் கடைந்தவர், முதலில் குழலைக் கழற்றிப் பின்பக்கம் கொஞ்சம் சீவி உள்ளே தள்ளி வைத்திருக்க வேண்டும். அப்போதுதான் பழைய தோட்டா, கழுத்தும் தோளும் சேர்கிற இடத்தில் இறுக்கமாக, ஒரு மயிரிழை அமுங்கி உட்காரும். அதைச் செய்யாமல் கடைசலை மட்டும் ஓட்டிவிட்டார். தோட்டா உள்ளே ஆடுகிறது. விசையை அழுத்தி ஊசி அடியில் குத்தும்போது முன்னால் போய்விடுகிறது, வெடித்ததும் அடிப்பக்கம் மட்டும் பின்னால் இழுபடுகிறது.

அப்பாவின் துப்பாக்கிக்கு இந்தத் தொல்லையே கிடையாது. அந்தத் தோட்டாவுக்கு அடியில் அகலமான விளிம்பு உண்டு. தட்டு சட்டிமேல் உட்காருவது போல விளிம்பு குழல் வாயில் உட்கார்ந்துகொள்ளும், தோளைப் பற்றிக் கவலையில்லை. இதைச் சொன்னதும் அவன் கொஞ்ச நேரம் பேசவில்லை. “ஒற்றைத் தோட்டா ரைபிளுக்கு விளிம்பு வச்ச கூடுதான் தோது மாமா, பழைய ஆளுக எல்லாம் அப்படித்தான் சொல்லுதாங்க” என்றான். நான் பத்தாம் வகுப்பு என்பதை அவனுக்கு ஞாபகப்படுத்தினேன்.

வேறொரு ஆசாரியிடம் கொடுத்திருக்கிறான்.

13 டிசம்பர், வெள்ளி

கார்த்திகை தீபம். விளக்கு ஏற்ற முடியாத மழை. ஆற்றில் வெள்ளம், வயலுக்குப் போகவே முடியவில்லை. பிசான நெல் நடவு என்ன ஆயிற்றென்று தெரியாது.

ரைபிள் சரியாகி வந்துவிட்டதாம். கோடு விழவில்லை.

29 டிசம்பர், ஞாயிறு

காலை ஆறு மணிக்குப் போன். அங்கே முந்தின நாள் சாயங்காலம்.

மான் கிடைத்துவிட்டது என்றான். மூன்று வார இறுதிகள் போயும் ஒரு தடவைகூடச் சுடாமல் திரும்பியிருக்கிறான். ஒரு மான் கொம்போடு நின்றதாம், ஆனால் பாதி உடம்பு மரத்துக்குப் பின்னால். தப்பினால் அடுத்த தோட்டா போடுவதற்குள் அது பக்கத்துப் பண்ணைக்குப் போய்விடும். அதனால் விசையில் விரலே வைக்கவில்லை. நேற்று நூற்று முப்பது கஜத்தில் பக்கவாட்டில் நின்றது. ஒரே தோட்டா. நாற்பது அடி நடந்து விழுந்தது.

படம் வந்தது. திறந்ததும் எனக்குக் கொஞ்ச நேரம் ஒன்றும் ஓடவில்லை. புல்லில் கிடந்தது நம் புள்ளிமான். அதே செம்பழுப்பு, அதே வெள்ளைப் புள்ளி, மும்மூன்று கிளையாகக் கொம்பு. மணிமுத்தாறு போகிற ரோட்டில் பஸ் வெளிச்சத்தில் தலை தூக்கிப் பார்க்குமே, அது.

“என்னல இது?”

1932 வாக்கில் இங்கிருந்து போன இனமாம். வேலி தாண்டிப் பெருகி டெக்சாஸ் மலைப் பக்கம் முழுக்கப் பரவிவிட்டது. அந்த ஊர் மானைச் சுட மாதக் கணக்கு உண்டு, இதற்குக் கிடையாது. லைசென்ஸ் வைத்திருந்தால் வருஷம் முழுக்கச் சுடலாம். வந்தேறி மிருகம் என்று எழுதி வைத்திருக்கிறார்களாம்.

அப்பா 1972 வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் வருவதற்கு முந்தி, மிளா என்கிற பெரிய மானை வேட்டையாடப் போனவர். பின்னால் அதைப் பற்றிக் கேட்டால், சுட்ட கதையைச் சொல்லமாட்டார். மழையில் நனைந்து தோட்டா வெடிக்காமல் போன கதையைத்தான் சொல்லுவார். அந்த மிளா நின்று அவரைப் பார்த்துவிட்டுப் போனதாம்.

அக்கா அந்தப் படத்தைப் பார்க்கவேமாட்டேன் என்றுவிட்டாள். கறி எப்படி இருந்ததென்று மட்டும் கேட்டாள். மிளகு போட்டு வறுத்தானாம்.

12 ஜனவரி 2025, ஞாயிறு

டீக்கடையில் பன்றிப் பேச்சுதான். அரசாங்கம் புது ஏற்பாடு சொல்லியிருக்கிறது. காப்புக்காட்டிலிருந்து ஒரு கிலோமீட்டருக்குள் பன்றியைத் தொடக்கூடாது. ஒன்றிலிருந்து மூன்று கிலோமீட்டர் வரை பிடித்துக் காட்டில் விடலாம். மூன்றுக்கு அப்பால் சுடலாம், அதுவும் வனத்துறை ஆட்கள் மட்டும்.

வந்ததும் வராததுமாகப் பைக்கை எடுத்துக்கொண்டு காட்டு எல்லைக் கல்லிலிருந்து என் வயல் வரைக்கும் ஓட்டிப் பார்த்தேன். மீட்டரில் இரண்டு புள்ளி நான்கு.

வீட்டுக்கு வந்தால் பேரன் வராந்தாவில் சொப்பு வைத்து விளையாடிக்கொண்டிருந்தான். சிவப்புத் தோட்டாவும் மஞ்சள் தோட்டாவும் அடுப்புக்குப் பக்கத்தில் நின்றன. எண்ணெய்ப் புட்டியாம். எது பெரியது என்று கேட்டேன். இரண்டையும் கையில் எடுத்து ஆட்டிப் பார்த்துவிட்டு, ரெண்டும் ஒண்ணுதான் தாத்தா என்றான்.

ராத்திரி காவலுக்குப் போகணும். நெல் பால் பிடிக்கிற நேரம். தீபாவளி வெடியில் இன்னும் நாலு மிச்சம் இருக்கிறது.