மறுத்துப் பேசும் ஆங்கிலம்: ஒரு மொழிபெயர்ப்பாளரின் நாட்குறிப்பு

மார்ச் 4

மூன்று வாரமாக நான் மொழிபெயர்த்துவரும் கையேட்டின் இரண்டாம் அத்தியாயத்தை முதலிலிருந்து எழுத வேண்டும் என்று இன்று தகவல் வந்தது. கலைச்சொற்கள் பற்றி நான் அனுப்பிய யோசனைக்கு, ஆங்கிலேயரான பதிப்பாசிரியர் சென்ற மாதம் 'ஐ ஹியர் வாட் யூ ஆர் சேயிங்' என்று தொடங்கிப் பதில் எழுதியிருந்தார். நான் அதை 'நீங்கள் சொல்வது புரிகிறது' என்று படித்து, புரிந்துகொண்டவர் ஒப்புக்கொண்டுவிட்டார் என்று நானாகவே முடிவுகட்டி, வேலையைத் தொடர்ந்துவிட்டேன். அந்தத் தொடருக்கு, அதிலும் பிரிட்டிஷ்காரர்கள் எழுதும்போது, பெரும்பாலும் 'காதில் விழுந்தது, ஆனால் என் எண்ணம் மாறவில்லை' என்றே பொருள். காதில் விழுவது வேறு, காதுகொடுப்பது வேறு என்பது தமிழில் எனக்குத் தெரியாததா என்ன? 42 பக்கங்கள் வீண்.

மார்ச் 6

பழைய கடிதங்களையெல்லாம் எடுத்து வைத்துக்கொண்டு, எங்கெங்கே அவர் மறுத்திருக்கிறார் என்று தேடினேன். 'ஐ ஆம் அஃப்ரெய்ட்' என்று எழுதிய இடத்தில் அச்சம் ஏதும் இல்லை. 'ஐ ஆம் நாட் ஷ்யூர்' என்ற இடத்தில் ஐயமும் இல்லை. இரண்டுமே 'முடியாது', 'தவறு' என்பவற்றுக்குப் போர்த்திய போர்வைகள்.

இவற்றைவிட நுட்பமானது 'இல்லை' என்ற சொல் இடம் மாறுவதுதான். 'இது சரியில்லை என்று நினைக்கிறேன்' என்று நாம் எழுதும் இடத்தில், ஆங்கிலம் 'ஐ டோன்ட் திங்க் திஸ் இஸ் ரைட்' என்று, அதாவது 'இது சரி என்று நான் நினைக்கவில்லை' என்று எழுதுகிறது. குறை எதிராளியின் பேச்சைவிட்டு இறங்கி, சொல்பவரின் நினைப்பின்மேல் ஏறிக்கொள்கிறது. 'எனக்கு அப்படித் தோன்றவில்லை' என்று நாமும் சொல்வதுண்டு என்பதால் இது நமக்கு அந்நியமான தந்திரம் அன்று. ஆங்கிலத்தில் படிக்கும்போது மட்டும் அதை மறந்துவிடுகிறோம்.

மார்ச் 9

இன்று முழுவதும் 'வித் ரெஸ்பெக்ட்' ('மரியாதையோடு') என்ற ஒரே தொடரோடு மல்லுக்கட்டினேன். 'வித் ரெஸ்பெக்ட்' என்றால் நீங்கள் சொல்வது தவறு, 'வித் கிரேட் ரெஸ்பெக்ட்' என்றால் அப்பட்டமான தவறு, 'வித் தி அட்மோஸ்ட் ரெஸ்பெக்ட்' என்றால் உங்களுக்குப் புத்தி பேதலித்துவிட்டது என்று ஆங்கில வழக்கறிஞர்களிடையே ஒரு பழைய வேடிக்கை உண்டு. மரியாதை ஏற ஏற மறுப்பும் ஏறுகிறது.

அமெரிக்க உச்ச நீதிமன்றத்தில் பெரும்பான்மைத் தீர்ப்போடு உடன்படாத நீதிபதி தம் மறுப்புரையை 'ஐ ரெஸ்பெக்ட்ஃபுலி டிஸ்ஸென்ட்' ('மரியாதையுடன் மாறுபடுகிறேன்') என்று முடிப்பது வழக்கம். 2000-ஆம் ஆண்டின் அதிபர் தேர்தல் குறித்த புஷ் எதிர் கோர் வழக்கில் நீதிபதி ரூத் பேடர் கின்ஸ்பர்க் வெறுமனே 'ஐ டிஸ்ஸென்ட்' என்று முடித்தார். விடுபட்ட அந்த ஒரு சொல்தான் இன்றுவரை பேசப்படுகிறது. சடங்காகிப்போன சொல்லுக்கு இருக்கும்போது மதிப்பில்லை, இல்லாதபோதுதான் இருக்கிறது.

இதைத் தமிழில் 'மரியாதையாகச் சொல்கிறேன்' என்று எழுதினால் கைகலப்பில்தான் போய் முடியும். நம் மொழியில் அது சட்டைக் கையை மடித்துக்கொண்டு விடுக்கும் எச்சரிக்கை. ஆகவே இதுவரை வந்த இடங்களிலெல்லாம் 'தவறாக நினைக்க வேண்டாம்' என்று மாற்றினேன். சொல்லுக்குச் சொல் பொருந்தாவிட்டாலும், மறுப்பு வரப்போகிறது என்ற முன்னறிவிப்பு அதில் இருக்கிறது.

மார்ச் 10

'ஐ பெக் டு டிஃபர்' என்பது சொல்லளவில் 'மாறுபட அனுமதி வேண்டிக் கெஞ்சுகிறேன்', ஆனால் அதில் யாரும் கெஞ்சுவதில்லை. இன்று அது விறைப்பான, சற்றே மேடைத்தனமான தொடர். ஒருமுறை நான் சாதாரண உரையாடலில் அதைப் பயன்படுத்தியபோது, எதிரிலிருந்தவர் நிமிர்ந்து உட்கார்ந்தது நினைவிருக்கிறது.

மார்ச் 13

'ஸீ ஐ டு ஐ' (கண்ணுக்குக் கண் பார்ப்பது, அதாவது ஒத்த கருத்தோடு இருப்பது) என்பது 1611-இல் வெளிவந்த கிங் ஜேம்ஸ் விவிலியத்தில் ஏசாயா 52:8-இல் காவலர்களைப் பற்றி வருகிறது. இன்று அது பெரும்பாலும் எதிர்மறையில்தான், ஒத்துப்போகாதவர்களைக் குறிக்கவே வழங்குகிறது. தமிழில் கண்ணும் கண்ணும் ஒத்துப்போனால் அது காதல், எனவே நேர்மொழிபெயர்ப்பு ஆபத்தானது.

'டெவில்ஸ் அட்வகேட்', அதாவது 'சாத்தானின் வழக்கறிஞர்', ஒரு காலத்தில் உண்மையான பதவி. கத்தோலிக்கத் திருச்சபையில் ஒருவருக்குப் புனிதர் பட்டம் வழங்குவதற்கு எதிராக வாதாடவென்றே திருத்தந்தை ஐந்தாம் சிக்ஸ்துஸ் 1587-இல் அதை நிறுவினார். 1983-இல் இரண்டாம் யோவான் பவுல் அந்த நடைமுறையைப் பெருமளவு மாற்றியமைத்தார். பதவியில் இருந்தவர் தமக்கு அந்தக் கருத்து உண்டோ இல்லையோ எதிர்த்தே தீர வேண்டும். இன்று 'லெட் மீ ப்ளே டெவில்ஸ் அட்வகேட்' என்று தொடங்குகிறவர்களில் பலர் தங்கள் சொந்தக் கருத்தைத்தான் சாத்தானின் கணக்கில் எழுதுகிறார்கள் என்பது என் சந்தேகம். பதிப்பாசிரியரும் இதை இரண்டு முறை எழுதியிருக்கிறார். இரண்டு முறையும் சாத்தான் சொன்னபடிதான் நடந்தது.

மார்ச் 15

1770-இல் ஆங்கிலேய மதபோதகர் ஜார்ஜ் ஒயிட்ஃபீல்டு மறைந்தபோது, மீட்பு யாருக்கு என்று இறைவன் முன்பே தீர்மானித்துவிட்டார் என்னும் 'முன்குறித்தல்' கோட்பாட்டில் அவரோடு நெடுங்காலம் முரண்பட்டிருந்த சக போதகர் ஜான் வெஸ்லி ஆற்றிய நினைவுரையில் 'அக்ரீ டு டிஸ்அக்ரீ' என்ற தொடர் வருகிறது. 'முரண்பட உடன்படுவோம்' என்ற தமிழாக்கம் மரக்கட்டையாக இருக்கிறது. 'உங்கள் கருத்து உங்களுக்கு, என் கருத்து எனக்கு' என்பது பரவாயில்லை. 'சரி, விடுங்கள்' என்பதில்தான் அந்தத் தொனி முழுதாக இறங்குகிறது.

ஆனால் இறையியலில் இப்படி விட்டுவிடலாம், கலைச்சொல்லில் விட முடியாது. ஏதேனும் ஒரு சொல் அச்சேறித்தான் ஆக வேண்டும் என்னும்போது, முடிவெடுக்கும் அதிகாரம் உள்ளவர் இதைச் சொன்னால் பேச்சு முடிந்தது என்றே பொருள்.

மார்ச் 17

மூன்றாம் அத்தியாயத்தில் ஒரு சொல்லுக்காக அவரை மறுக்க வேண்டியிருந்தது. முதல் வரைவில் 'ஆக்சுவலி, திஸ் இஸ் ராங்' என்று எழுதியிருந்தேன். அந்த 'ஆக்சுவலி' உங்களுக்கு இதுகூடத் தெரியவில்லையா என்று கேட்பதுபோல் தொனித்ததால் முதலில் அதை நீக்கினேன். பிறகு 'ஐ ஸீ வை யூ வுட் ப்ரிஃபர் திஸ்' ('நீங்கள் இதை ஏன் விரும்புகிறீர்கள் என்று புரிகிறது') என்று தொடங்கி, அவருடைய சொல்லைத் தேர்ந்ததற்கான நியாயத்தை ஒரு வரியில் நானே சொல்லிவிட்டு, வாசகர் அதை எங்கே தவறாகப் படிப்பார் என்று இரண்டு எடுத்துக்காட்டுகளோடு அனுப்பினேன்.

மாலையில் 'ஃபேர் பாயின்ட்' ('நியாயமான பேச்சு') என்று பதில் வந்தது. அடுத்து எங்காவது 'பட்' வருகிறதா என்று கடிதத்தின் அடிவரை பார்த்தேன். அவருடைய கையெழுத்து மட்டுமே இருந்தது.