கோலை எங்கே ஊன்றுவது?

சென்ற மாதம் ஆறாம் படிவ மாணவர்களுக்காக இங்கே எழுதிய குறிப்பில், புரதங்கள் ஆர்.என்.ஏ. என்னும் மரபு மூலக்கூற்றின் எழுத்துகளை (ஏ, யு, ஜி, சி என்னும் நான்கு வேதிக் கூறுகளை) படித்து அதனை வெட்டுகின்றன என்று ஒரு வரி எழுதியிருந்தேன். அந்த வரி பிழையானது. சுங்கை சிப்புட் காலைச் சந்தையில் கீரை வாங்கிக்கொண்டிருந்த என்னை நிறுத்தி அதைச் சுட்டிக்காட்டியவள் என் முன்னாள் மாணவி ஒருத்தி. "சார், மனித உடலில் மரபணுக்களின் செயலை அடக்கும் நூற்றுக்கணக்கான நுண் ஆர்.என்.ஏ.க்கள் இருக்கின்றன. ஒவ்வொன்றின் எழுத்து வரிசையும் வேறு. அத்தனையையும் டைசர் என்னும் ஒரே வெட்டு நொதி எப்படி அடையாளம் கண்டு வெட்டும்?" என்று கேட்டாள். சந்தையில் நின்று சொல்லி முடிக்கக்கூடிய பதில் அன்று என்னிடம் இல்லை.

நுண் ஆர்.என்.ஏ.வை உள்ளடக்கிய நீண்ட ஒற்றை இழை தன்மீதே மடிந்து, எதிரெதிர் எழுத்துகள் சோடி சேரும்போது, பெண்கள் தலையில் செருகும் கொண்டை ஊசியைப் போன்ற வடிவம் பெறுகிறது. கீழே பிரிந்து தொங்கும் இரண்டு தனி இழைகள், நடுவே முறுக்கேறிய தண்டு, உச்சியில் ஒரு வளைவு. இந்தத் தண்டின் முறுக்கில் ஓடும் இரண்டு பள்ளங்களில் ஆழமானது மிகவும் குறுகலானது. எழுத்துகளின் வேறுபாடு தெளிவாகத் தெரிவது அந்தப் பள்ளத்தில்தான் என்றாலும், புரதத்தின் பக்கக் கிளைகள் அதனுள் எளிதில் நுழைய முடியாது. மற்றொரு பள்ளம் அகன்றும் ஆழமின்றியும் இருப்பதால் அதனைத் தொடுவது எளிது. ஆனால் அங்கே எழுத்துக்கு எழுத்து வேறுபாடு மிகக் குறைவு. ஆகவே, இரட்டை இழை ஆர்.என்.ஏ.வைப் பற்றும் புரதங்கள் பெரும்பாலும் இழையின் முதுகெலும்பான சர்க்கரையையும் பாஸ்பேட்டையும் தொட்டு, முறுக்கின் வடிவத்தையே உணர்கின்றன. எழுத்து எதுவானாலும் முறுக்கு ஏறத்தாழ ஒன்றுதான்.

வடிவத்தை உணர்ந்தால் மட்டும் போதாது, எந்த இடத்தில் வெட்டுவது என்றும் தெரிய வேண்டும். இதை நினைத்தபோது எனக்கு அப்பாவின் கோல் நினைவுக்கு வந்தது. அவர் பால்மரத் (ரப்பர்) தோட்டத்தில் வெட்டுக்கோடு போட்டவர். புதிதாக வெட்டுக்கு வரும் மரத்தில், ஒட்டுக் கட்டிய இடத்தில் கோலின் அடியை ஊன்றி, அதன் தலையில் பொருத்திய தகட்டை மரத்தைச் சுற்றி வளைத்துச் சாய்வாகக் கோடு கிழிப்பார். பட்டையின் நிறத்தையோ சொரசொரப்பையோ அவர் பொருட்படுத்தியதில்லை. கோலின் அடி சரியான இடத்தில் நின்றால் கோடு தானாகச் சரியாக விழும் என்பார்.

டிரோஷா என்னும் நொதி செய்வதும் ஏறக்குறைய இதுவே. 2003இல் தென் கொரியாவின் நாரி கிம் குழு இதன் பணியைக் கண்டறிந்தது. தனி இழைகள் சேர்ந்து தண்டாக மாறும் சந்திப்பில் அது ஊன்றி நின்று, அங்கிருந்து சுமார் 11 சோடி மேலே இரண்டு இழைகளையும் வெட்டுகிறது. வெட்டு நேராக விழுவதில்லை. ஓர் இழையின் முனை இரண்டு எழுத்து நீண்டு நிற்கும். அந்த நீட்சியே அடுத்த வெட்டுக்காரரான டைசருக்கு ஊன்றும் இடம். நம் உடலின் டைசர் தன் ஒரு பகுதியால் அந்த முனையைப் பிடித்துக்கொண்டு, ஏறத்தாழ 22 எழுத்து தள்ளி உச்சி வளைவை நறுக்கி நீக்குகிறது. ஜியார்டியா என்னும் குடல் ஒட்டுண்ணியின் டைசரை 2006இல் படிக வடிவில் ஆராய்ந்தபோது, பிடிக்கும் இடத்துக்கும் வெட்டும் இடத்துக்கும் உள்ள தூரம் 65 ஆங்ஸ்ட்ராம் (ஓர் ஆங்ஸ்ட்ராம் என்பது மில்லிமீட்டரில் கோடியில் ஒரு பங்கு) எனத் தெரிந்தது. அது 25 சோடி நீளமுள்ள தண்டின் அளவு. அளவுகோல் என்பது இங்கே உவமை அன்று, புரதத்தின் உடலே கோல்.

ஆயினும் என் பழைய வரி முற்றிலும் பொய்யும் அன்று. கொண்டை ஊசியில் தனி இழை தண்டாகும் சந்திப்பு அடியில் ஒன்று, உச்சியில் ஒன்று என இரண்டு உண்டு. டிரோஷா தலைகீழாக நின்றுவிட்டால் வெட்டு தவறான இடத்தில் விழும். இதைத் தடுக்கவே அதன் துணைப் புரதமான டி.ஜி.சி.ஆர்.8 இரண்டு பிரதிகளாகச் சேர்ந்து உச்சியைப் பற்றுகிறது. அடிச் சந்திப்பில் யு-ஜி, உச்சி வளைவில் யு-ஜி-யு என்னும் சிறு எழுத்துக் குறிகள் பல ஊசிகளில் காணப்படுகின்றன. அவை எந்தப் பக்கம் அடி, எந்தப் பக்கம் தலை என்று காட்டுகின்றன. நீளத்தைக் கோல் பார்த்துக்கொள்கிறது, திசையைச் சொல்ல எழுத்து உதவுகிறது. மாணவிக்கு இதைத்தான் எழுதி அனுப்பினேன்.

அவள் உடனே கேட்டாள்: "பால்மரத்திலும் இப்படித்தானா, சார்?" தாவரங்களில் டிரோஷா இல்லை, டைசரின் உறவான டி.சி.எல்.1 இரண்டு வெட்டுகளையும் உட்கருவுக்குள்ளேயே தானே செய்து முடிக்கிறது. பெரும்பாலும் அடியிலிருந்து தொடங்குகிறது. ஆனால் கடுகு இனத்துச் சிறு செடியான அராபிடாப்சிஸில் மிர்159, மிர்319 என்னும் இரண்டு குடும்பங்களின் நீண்ட ஊசிகளை அது உச்சியிலிருந்து கீழ்நோக்கி வெட்டி வருகிறது. அப்பாவிடம் இதைச் சொன்னபோது அவர் வியக்கவில்லை. கீழ்ப்பட்டை தீர்ந்த கிழட்டு மரங்களில் தாமும் கோட்டின் மேற்புறம் ஏணி சாய்த்து, மேல்நோக்கித்தான் வெட்டினதாகச் சொன்னார்.