பிக் பேர்ல 17 நாள்: மலை என் மூச்சை வாங்குன கதை

போன அக்டோபர்ல ஆபீஸ்ல ஒர்க் ஃப்ரம் ஹோம் கேட்டு வாங்கிட்டு, கலிஃபோர்னியா பிக் பேர் ஏரிக்கரைல 17 நாள் போய் இருந்துட்டு வந்தோம். காரணத்தை சொன்னா சிரிப்பீங்க. எனக்கு வயசு 39, அர்வைன் பக்கத்துல ஒரு பாக்ஸிங் ஜிம்முக்கு மூணு வருஷமா போறேன், நவம்பர்ல ஜிம்முக்குள்ளயே ஒரு ஸ்மோக்கர் வெச்சிருந்தாங்க (தெரிஞ்சவங்களுக்குள்ள நடக்குற சின்ன போட்டி, ரவுண்டுக்கு 2 நிமிஷம், மொத்தம் மூணு ரவுண்டு), எனக்கோ ரெண்டாவது ரவுண்டு பாதிலயே நாக்கு தள்ளிரும். அடி வாங்கி தோத்தா கூட மனசு ஆறும், மூச்சு வாங்கியே தோக்குறது ரொம்ப கேவலமா இருக்கும்.

உயரமான எடத்துல பயிற்சி பண்ணா மூச்சு தாங்கும்னு பெரிய பாக்ஸருங்க தேடிப்போற மலை ஊரு அது. டிரிபிள்ஜின்னு கூப்புடுற கெனடி கோலோவ்கின் பயிற்சி கேம்ப் போட்ட ஊரு, ஆஸ்கர் டி லா ஹோயா கேபின் வெச்சிருந்த ஊரு, ஷேன் மோஸ்லி வீடு வெச்சிருந்த ஊரு, எல்லாம் எங்க வீட்லருந்து ரெண்டு மணி நேர டிரைவ்ல இருக்கும்போது நாம ஏன் போகக்கூடாதுன்னு தோணுச்சு. கோச் கிட்ட சொன்னேன், மெக்சிகோ பூர்வீகம் அவருக்கு, ஒரு நிமிஷம் என்னையே பாத்துட்டு "போ, ஆனா ஜாப் (இடது கையால நேரா விடுற குத்து) போடும்போது மொகத்தை காக்க வேண்டிய வலது கை கீழ எறங்குதே, அதை மலை சரி பண்ணாது"ன்னாரு.

சான் பெர்னார்டினோ வரைக்கும் வழக்கமான வெயில், டிராஃபிக், லாரி. அங்க உயரம் ஆயிரம் அடி சொச்சம்தான். ஹைலேண்ட்ல 330-ம் நம்பர் ரோட்டுல ஏற ஆரம்பிச்சா வளைஞ்சு வளைஞ்சு ரன்னிங் ஸ்பிரிங்ஸ், அப்புறம் 18-ம் நம்பர் ரோடு, ஒரு பக்கம் பாறை ஒரு பக்கம் பாதாளம், காது ரெண்டு தடவை அடைச்சு தெறந்துச்சு. பின் சீட்ல கெடந்த சிப்ஸ் பாக்கெட் பலூன் மாதிரி உப்பிப்போய் இருந்துச்சு, அதை பாத்தப்பதான் ஓகோ இங்க காத்து நெஜமாவே லேசுதான்னு ஒறைச்சுது. அணையை தாண்டுனதும் ஏரி. அது இயற்கை ஏரி இல்ல, கீழ ரெட்லண்ட்ஸ் ஆரஞ்சுத் தோட்டங்களுக்கு தண்ணி வேணும்னு 1884-ல அணை கட்டி தேக்குனது, 1912-ல அதைவிட பெரிய அணை வந்துச்சு. ஊரோட உயரம் ஏறத்தாழ 6,750 அடி, நம்ம ஊட்டியை விட கொஞ்சம் கம்மி.

மொத நாள் ராத்திரி வொய்ஃப் கிச்சன்லருந்து கத்துறா, "ஏங்க, முக்கால் மணி நேரமா கொதிக்குது, இந்த பருப்பு வேகவே மாட்டேங்குது." குக்கர் எடுத்துட்டு போகல, வாடகை வீட்ல இருந்த பாத்திரத்துல வெச்சிருந்தா. அந்த உயரத்துல தண்ணி 93 டிகிரியிலயே கொதிச்சுரும், எவ்ளோ எரிச்சாலும் அதுக்கு மேல சூடு ஏறாது, பருப்பு கல்லு மாதிரி கெடக்கு. கடைசில பிரெட் ஆம்லெட்.

மறுநாள் காலைல வீட்டு வாசல்லயே ஸ்கிப்பிங். கீழ 3 நிமிஷம் குதிச்சா நாடித்துடிப்பு 150-ன்னு காட்டுற வாட்ச் இங்க 170 காட்டுது, ரெண்டாவது ரவுண்டுல கயிறு கால்ல மாட்டிக்கிச்சு, தலை கிர்ருனு சுத்துது, பக்கத்து வீட்டு தாத்தா நாயை கூட்டிட்டு போறவரு நின்னு "ஆர் யூ ஓகே"ன்னு கேட்டுட்டு போனாரு. மானம் போச்சு.

நெறைய பேரு மலைல ஆக்சிஜன் சதவீதம் கம்மின்னு நெனைக்கிறாங்க, அப்படி இல்ல, அங்கயும் அதே 21 சதவீதம்தான். காத்தழுத்தம்தான் கம்மி, பிக் பேர் உயரத்துல கடல் மட்டத்துல இருக்குறதுல 78 சதவீதம் கிட்டத்தான் இருக்கும், அதனால ஒவ்வொரு மூச்சுலயும் உள்ள போற சரக்கு கம்மி. ஒடம்பு சும்மா இருக்காது, கிட்னி இ.பி.ஓ.ன்னு ஒரு ஹார்மோனை கூடுதலா விடும், அது போய் எலும்பு மஜ்ஜைய சிவப்பணு செய்யச் சொல்லும். ஹார்மோன் ஓரிரு நாள்லயே ஏறிரும், ஆனா ரத்தத்துல ஹீமோகுளோபின் உருப்படியா கூட 3, 4 வாரம் ஆகும். மொத வாரத்துல டெஸ்ட் எடுத்தா ரத்தம் கெட்டியா தெரியும், அது ஒடம்புல தண்ணி குறைஞ்சதுனால, புதுசா எதுவும் வந்ததுனால இல்ல. இரும்புச்சத்து கம்மியா இருக்குறவன் மலை ஏறுனா மண்ணே இல்லாம செங்கச்சூளை போட்ட கதைதான். ஆக என் 17 நாள் கணக்குப்படி முழுசா பழகி முடிக்கிறதுக்கு முன்னாடியே பெட்டி கட்டணும்.

இன்னொரு சிக்கல் இருக்கு. மூச்சு பத்தாததுனால மேல இருக்கும்போது ஃபுல் ஸ்பீடுல பயிற்சி பண்ண முடியாது, கை மெதுவாயிரும். 1997-ல லெவின், ஸ்ட்ரே-கண்டர்சன்னு ரெண்டு ஆராய்ச்சியாளருங்க ஓட்டக்காரங்களை வெச்சு பாத்தாங்க, 2,500 மீட்டர்ல தங்கி 1,250 மீட்டர்ல எறங்கி ஓடுனவங்கதான் 4 வாரத்துக்கு அப்புறம் கடல் மட்டத்துல 5 கி.மீ. ஓட்டத்துல 13 செகண்டு கிட்ட கொறைச்சாங்க, மேலயே தங்கி மேலயே ஓடுனவங்களுக்கு அந்த முன்னேற்றம் கெடைக்கல. ஓட்டக்காரனுக்கு 13 செகண்டு தங்கம், பாக்ஸருக்கு அதை எப்படி அளக்குறது? 12 ரவுண்டு, நடுவுல ஒரு ஒரு நிமிஷம் ரெஸ்ட், அந்த ஒரு நிமிஷத்துல எவ்ளோ வேகமா மூச்சு திரும்புதுங்குறதுதான் பாதி ஆட்டம், அதுக்கு நல்ல ரத்தம் கண்டிப்பா உதவும்னுதான் நான் நெனைக்கிறேன். ஆனா மலை ஏறுனவன் ஜெயிப்பான்னு சொல்ல முடியாது. 2000 ஜூன்ல டி லா ஹோயாவும் மோஸ்லியும் மோதுனாங்க, ரெண்டு பேருமே பிக் பேர் ஆளுங்க, ஒருத்தர் தோத்துத்தான ஆகணும், டி லா ஹோயா தோத்தாரு. 2003-ல திரும்ப மோதுனப்பவும் மோஸ்லிதான், ஆனா அந்த ஃபைட்டுக்கு முன்னாடி இ.பி.ஓ. ஊசி போட்டுக்கிட்டதா பால்கோ (விளையாட்டு வீரர்களுக்கு ஊக்கமருந்து குடுத்த கம்பெனி) விசாரணைல அவரே சொன்னாரு, தடை பண்ணதுன்னு தெரியாதுன்னும் சொன்னாரு. மலைலயே வீடு வெச்சிருந்தவருக்கு, மலை குடுக்குற அதே சமாச்சாரம் ஊசில. இதை படிச்ச அன்னிக்கு ஏரியை பாத்து கொஞ்ச நேரம் சிரிச்சிட்டு இருந்தேன்.

ஒரு வாரம் கழிச்சு ஒடம்பு கொஞ்சம் பழகிருச்சு. காலைல வடக்கு கரைல ஏரியை ஒட்டி போற சைக்கிள் பாதைல மெதுவா ஓட்டம், ஏரிக்குள்ள நீட்டிக்கிட்டு நிக்குற சூரிய ஆராய்ச்சி மையத்தோட வெள்ளை டோம் வரைக்கும் போய்ட்டு திரும்புறது. சாயங்காலம் பேட் (குத்து வாங்க கைல மாட்டிக்கிற மெத்தை) பிடிக்க ஆள் இல்ல, வொய்ஃப்தான் பிடிச்சா. மூணாவது நாளே சொல்லிட்டா, "நீங்க குத்தும்போது மூச்சையே விட மாட்டேங்கறீங்க, நாலு குத்து முடிஞ்சதும் தண்ணிக்குள்ளருந்து வந்தவன் மாதிரி ஹாஆன்னு இழுக்கறீங்க." எங்க கோச்சும் இதை நூறு தடவை சொல்லிருப்பாரு, கீழ அது உறைக்காது, சமாளிச்சுக்கலாம். மேல நாலு குத்துக்கு மூச்சை பிடிச்சா அஞ்சாவதுக்கு கை வராது, உடனே தண்டனை. அதுக்கப்புறம் ஒவ்வொரு குத்துக்கும் ஸ்ஸ், ஸ்ஸ்னு விட்டு பழகுனேன், மறந்தா அவ பேடாலயே நெத்தில ஒண்ணு போடுவா.

கெளம்புற அன்னிக்கு மூணு நிமிஷம் ஆறு ரவுண்டு பேட் அடிச்சேன். ரத்தம் எவ்ளோ கூடுச்சோ தெரியாது, டெஸ்ட் எடுக்கல.

ஸ்மோக்கர்ல எதிராளி 26 வயசு பையன். மூணு ரவுண்டும் நின்னேன், தோத்துட்டேன், பாயிண்ட்ல. ஜாப் போட்டப்ப வலது கை எறங்குச்சு, அந்த சந்துலயே இடது ஹூக்கு (பக்கவாட்டுல வளைச்சு விடுற குத்து) போட்டுட்டான். கோச் ஒண்ணுமே சொல்லல, தன்னோட தாடையை மட்டும் ரெண்டு தடவை தட்டி காட்டுனாரு. வொய்ஃப் முன் வரிசைல உக்காந்துட்டு மூணு ரவுண்டும் தமிழ்ல "மூச்சு, மூச்சு"ன்னு கத்துனது வீடியோல இருக்கு, பக்கத்துல இருந்த மெக்சிகன் பாட்டியும் கடைசி ரவுண்டுல "மூச்சு"ன்னே கத்துறாங்க.