இரவு இரண்டு மணிப் பால்

ஜார்கண்டின் தெற்குப் பகுதியில், சால் மரக்காடும் இரும்புத்தாதுச் சுரங்கங்களும் ஹோ பழங்குடி மக்களும் உள்ள ஒரு மாவட்டத்தில் டயட்டீஷியனாக வேலை பார்க்கிறேன். மற்ற மாநிலங்களில் என்.ஆர்.சி. என்று சொல்லும் ஊட்டச்சத்து மறுவாழ்வு மையத்துக்கு இங்கே எம்.டி.சி. என்று பெயர். ஐந்து வயதுக்குட்பட்ட, கடுமையாக மெலிந்துபோன குழந்தைகளை அம்மாவோடு சேர்த்து இங்கே வைத்துக்கொள்வோம். இந்த வேலைக்கு வருவதற்குக் கொஞ்சம் முன்னால்தான், பிறந்து வளர்ந்த பெந்தெகொஸ்தே சபையை விட்டு வெளியே வந்திருந்தேன். இரண்டையும் சேர்த்து எழுத வேண்டும் என்று ரொம்ப நாளாக நினைப்பு.

சபையை விட்டால் ஞாயிற்றுக்கிழமை காலை ஓய்வு கிடைக்கும், அவ்வளவுதானே என்று வெளியே இருப்பவர்கள் நினைக்கலாம். தூத்துக்குடிப் பக்கம் எங்கள் சிறிய ஊரில் சபைதான் எங்களுக்குச் சொந்தபந்தம். உபவாச ஜெபம், வீட்டுக் கூட்டம், வாலிபர் கூட்டம் என்று வாரம் முழுக்க ஏதாவது இருக்கும். அப்பா ஆஸ்பத்திரியில் கிடந்தபோது சாப்பாடு கொண்டுவந்தவர்களும், என் காலேஜ் ஃபீஸுக்குக் குறைந்த பணத்தைத் தந்தவர்களும் சபை ஆட்கள்தான். இன்றைக்கும் அதை நன்றியோடு சொல்கிறேன். அங்கே யாரும் எனக்குத் தீங்கு செய்யவில்லை. நம்பிக்கை போய்விட்டது. ஜெபிக்க உட்கார்ந்தால் நான் மட்டும்தான் இருக்கிறேன் என்று தெளிவாகத் தெரிந்தது. அதை மறைத்துக்கொண்டு திருவிருந்தில் கலந்துகொள்ள மனம் ஒப்பவில்லை. சொன்னேன். அதற்கப்புறம் நான் பின்மாற்றக்காரி, விசுவாசத்தை விட்டு விலகியவள். சித்தி மகள் கல்யாணத்துக்கு எனக்குப் பத்திரிகை வரவில்லை. அம்மா போன் பண்ணுவதை நிறுத்திவிட்டார்கள்.

ஆட்கள் இல்லாததுகூட மெல்லப் பழகிவிடும் போலிருந்தது. நடுவில் வந்து நின்ற வெறுமைதான் பழகவில்லை. முன்பெல்லாம் எந்தக் கஷ்டம் வந்தாலும் அதற்கு ஒரு காரணம் இருந்தது: கர்த்தர் சோதிக்கிறார், புடமிடுகிறார், இதற்குப் பின்னால் ஒரு திட்டம் வைத்திருக்கிறார். இப்போது கஷ்டம் மட்டும் மிச்சம்.

அந்தச் சமயத்தில் ஆறுதல் சொன்ன பலரும் ஒரே மாதிரிதான் சொன்னார்கள். “உலகத்துல எத்தனை கோடிப் பேர் சோத்துக்கு இல்லாம இருக்காங்க, அதைப் பாக்கும்போது இதெல்லாம் ஒரு துக்கமா?” கடவுள் நம்பிக்கை இல்லாத நண்பர்களும் இதையேதான் சொன்னார்கள். கேட்கும்போதெல்லாம் எனக்கு சபையில் சாட்சி சொல்லும் நேரம் ஞாபகம் வந்தது. எத்தனையோ பேர் தெருவில் கிடக்கும்போது நம்மைக் காத்து வந்தாரே, ஸ்தோத்திரம் என்று எழுந்து நின்று சொல்வோம். தெருவில் கிடப்பவர் யார், ஏன் அங்கே கிடக்கிறார் என்று அந்த நேரத்தில் பேச்சு வராது. நாம் நன்றி சொல்வதற்கு அவர் தேவைப்பட்டார். நண்பர்கள் சொன்ன ஆறுதலிலும் அந்த ஆள் அதே இடத்தில்தான் கிடந்தார்.

ஆனால் அந்தக் கோடிக்கணக்கு உண்மை. உலக வங்கி 2025 ஜூனில் கடும் வறுமைக் கோட்டை ஒரு நாளைக்கு 3 டாலர் என்று மாற்றியது. அதன்படி உலகில் ஏறத்தாழ 80 கோடிப் பேர் அந்தக் கோட்டுக்குக் கீழே இருக்கிறார்கள், பத்துப் பேரில் ஒருவர். அந்த டாலரை சந்தை மாற்று விகிதத்தில் ரூபாயாக்கிப் பார்க்கக் கூடாது. ஒவ்வொரு நாட்டின் விலைவாசிக்கும் சரிசெய்த டாலர் அது, நம் நாட்டில் ரூபாய்க் கணக்கு இன்னும் குறைவாகத்தான் வரும். 2019-21ல் எடுத்த தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பில், ஜார்கண்டில் ஐந்து வயதுக்குட்பட்ட குழந்தைகளில் 39.6 சதவீதம் பேர் வயதுக்கேற்ற உயரம் இல்லாதவர்கள். தமிழ்நாட்டில் அது 25 சதவீதம். நம் ஊரிலும் நான்கில் ஒரு குழந்தை, அதையும் மறக்க வேண்டாம்.

எண்ணைப் படிப்பது வேறு, வார்டில் நிற்பது வேறு. குழந்தையின் மேல்கையில் ஒரு நாடாவைச் சுற்றி அளப்போம். சுற்றளவு 11.5 சென்டிமீட்டருக்குக் கீழே போனால் நாடா சிவப்பு காட்டும். அந்தச் சிவப்பில் வரும் குழந்தைக்கு உடனே வயிறு நிறையச் சாப்பாடு கொடுக்கத்தான் யாருக்கும் தோன்றும். கொடுத்தால் இறந்துகூடப் போகலாம். பட்டினியில் குடல், இருதயம், சிறுநீரகம் எல்லாம் வேகத்தைக் குறைத்துக்கொண்டு கிடக்கும். திடீரென்று சத்து உள்ளே போனால் ரத்தத்தில் உள்ள பாஸ்பரஸும் பொட்டாசியமும் சட்டென்று இறங்கி இருதயம் தாங்காமல் போகும். அதனால் முதலில் எஃப்-75 என்ற பால். 100 மில்லியில் 75 கலோரிதான். பால், சர்க்கரை, எண்ணெய், பொடித்த பொரி, தண்ணீர் எல்லாம் அளந்து சேர்த்துக் காய்ச்சுவோம். 5 கிலோ குழந்தைக்கு இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை 55 மில்லி, இரவிலும். இரவில் ஒரு வேளை விட்டுப்போனால் ரத்தத்தில் சர்க்கரை இறங்கும், உடம்பு சில்லிட்டுப்போகும், விடியும்போது குழந்தை இல்லாமலும் போகலாம். சில நாள் கழித்துப் பசி திரும்பிய பிறகுதான் அதைவிடச் சத்து கூடிய எஃப்-100 பால்.

மழைக்காலத்தில் ஓர் அம்மா வந்திருந்தாள், இருபது வயதுகூட இருக்காது. அதற்குள் இரண்டு பிள்ளைகள். கணவன் செங்கல் சூளைக்குப் போனவன் இன்னும் ஊர் திரும்பவில்லை. இரவு இரண்டு மணிப் பாலைக் கிண்ணத்திலிருந்து ஸ்பூனால் ஊட்டிக்கொண்டிருந்தாள். கடைவாயில் வழிந்ததையும் ஸ்பூனால் வழித்து மறுபடி வாய்க்குள் விட்டாள். நான் பக்கத்தில் உட்கார்ந்து அட்டவணையில் குறித்துக்கொண்டிருந்தேன். அவளுக்குக் கொஞ்சம் ஹிந்தி தெரியும், எனக்கும் கொஞ்சம்தான். “தீதி (அக்கா), உங்க அம்மா போனே பண்றதில்லையா?” என்று கேட்டாள். மற்ற பெண்கள் எல்லாருக்கும் வீட்டிலிருந்து போன் வருவதை வார்டில் இருந்தே கவனித்திருக்கிறாள். நான் சாமியை விட்டுவிட்டேன், அதனால் அம்மா பேசுவதில்லை என்று சொன்னேன். அவள் ஸ்பூனைக் கிண்ணத்தில் வைத்துவிட்டு என்னை நிமிர்ந்து பார்த்தாள். “அது பெரிய கஷ்டம் தீதி. அப்போ ஊருக்குப் போனா தலைக்கு யார் எண்ணெய் வைப்பாங்க?” என்றாள்.

மடியில் 5 கிலோ குழந்தையை வைத்துக்கொண்டு அவள் இதைக் கேட்டாள். இவ்வளவு பேர் பட்டினி கிடக்கிறார்கள், உனக்கென்ன குறை என்று எனக்குச் சொல்லும் உரிமை உலகத்தில் யாருக்காவது உண்டென்றால் அவளுக்குத்தான். அவள் அப்படிச் சொல்லவில்லை, அப்படி நினைத்ததாகவும் தெரியவில்லை. அன்றைக்குத்தான் என் துக்கம் சிறியதா பெரியதா என்று எடை போட்டுக்கொண்டிருப்பதை நிறுத்தினேன். துக்கம் அதே அளவில்தான் இருக்கிறது. ஆனால் இரண்டு மணிக்குப் பால், நான்கு மணிக்குப் பால், ஆறு மணிக்கு எடை பார்ப்பது என்று போகிற ஒரு நாளில் அது எங்கே உட்கார வேண்டும் என்பது தெரிந்துவிட்டது. பால் முடிந்தபின் அழலாம். சில இரவுகள் அழுதும் இருக்கிறேன்.

இன்னொன்றும் நடந்தது. சபையில் ஒரு சிஸ்டரின் குழந்தை இறந்தபோது கர்த்தர் எடுத்துக்கொண்டார் என்று ஆறுதல் சொன்னோம். இங்கே அப்படிச் சொல்ல என்னால் முடியாது, சொல்ல வேண்டியதும் இல்லை. ஒவ்வொரு கேஸ் ஷீட்டிலும் காரணங்கள் வரிசையாக எழுதியிருக்கின்றன. சின்ன வயதில் கல்யாணம், ரத்தசோகையோடு பிரசவம், எடை குறைந்த குழந்தை, மலேரியா, அடிக்கடி வயிற்றுப்போக்கு. அறுவடைக்கப்புறம் குடும்பத்தோடு சூளைக்குப் போவதால் அங்கன்வாடிச் சாப்பாடும் இல்லை, தடுப்பூசியும் இல்லை. ஹோ மக்கள் போங்கா என்று சொல்லும் ஆவிகளின் கோபத்தால் குழந்தை மெலிகிறது என்று நம்பி, முதலில் கிராமத்து மந்திரிப்பவரிடம் போகிறவர்கள் இருக்கிறார்கள். அவர்களைக் கண்டிக்கச் சொல்லிச் சிலர் என்னிடம் சொல்வார்கள். நான் கண்டிப்பதில்லை. மந்திரிப்பவர் அதே ஊரில் இருக்கிறார், கூலியை அறுவடைக்கப்புறம் வாங்கிக்கொள்கிறார். எங்களிடம் வர இரண்டு ஆட்டோ மாற வேண்டும், கையில் காசும் வேண்டும். நம்பிக்கையைவிட ஆட்டோக் கூலிதான் பெரிய தடை என்பது என் அனுபவம்.

காரணம் இருந்தால் அதைச் சரிசெய்யவும் வழி இருக்கிறது. நம்பிக்கை போன பிறகு எனக்குக் கிடைத்த தைரியம் இதுதான். 1990ல் உலகில் ஐந்து வயதுக்குள் இறந்த குழந்தைகள் ஓர் ஆண்டுக்கு 1 கோடியே 20 லட்சத்துக்கும் மேல். ஐ.நா. மதிப்பீட்டின்படி 2022ல் அது 49 லட்சம். தடுப்பூசியும் ஓ.ஆர்.எஸ். கரைசலும் கொசுவலையும் நல்ல பிரசவ வசதியும் செய்த வேலை இது. மிச்சமிருக்கும் இறப்புகளில் கிட்டத்தட்ட பாதிக்குப் பின்னால் ஊட்டச்சத்துக் குறைவு இருக்கிறது என்று உலக சுகாதார நிறுவனம் சொல்கிறது. அந்தப் பாதியில்தான் என் வேலை.

தசமபாகப் பழக்கம் மட்டும் என்னை விட்டுப் போகவில்லை. சம்பளம் வந்ததும் பத்தில் ஒரு பங்கை எடுத்து வைத்துவிடுவேன். டிஸ்சார்ஜ் ஆன குழந்தையை 15 நாளுக்கு ஒருமுறை, நான்கு தடவை திரும்பக் கொண்டுவந்து காட்ட வேண்டும். அதற்கான ஆட்டோக் கூலிக்கு அந்தப் பணம் போகிறது. சபையில் பழகிய கை, கொடுக்காமல் இருக்க அதற்குத் தெரியாது. அம்மாவிடம் இதைச் சொல்ல ஆசை. இன்னும் போன் வரவில்லை. நான் பண்ணினால் எடுத்து, சாப்பிட்டியா என்று கேட்டுவிட்டு அப்பாவிடம் கொடுத்துவிடுவார்கள். அது ஒவ்வொரு தடவையும் வலிக்கிறது.

அந்த இளம் அம்மா, டிஸ்சார்ஜுக்கு வேண்டிய 15 சதவீத எடை குழந்தைக்குக் கூடும்வரை இருக்கவில்லை. நடவு தொடங்கிவிட்டது, ஊரில் மூத்த பிள்ளை பக்கத்து வீட்டில், ஆடுகளைப் பார்க்க ஆள் இல்லை. வார்டில் இருக்கும் நாட்களுக்கு அம்மாக்களுக்குக் கூலி ஈட்டுத்தொகை உண்டு. ஆனால் அது பின்னால்தான் வங்கிக் கணக்குக்குப் போகும், கணக்கில் பெயர் ஓர் எழுத்து மாறியிருந்தால் அதுவும் நின்றுவிடும். இன்றைக்கு அரிசி வாங்க வேண்டியவளுக்கு அடுத்த மாதப் பணம் எதற்கு உதவும்? வார்டில் இருக்கும்போதே வாரா வாரம் அந்தத் தொகை கையில் கிடைக்க வேண்டும், நடவு மாதங்களில் அது நடவுக் கூலிக்குச் சமமாக இருக்க வேண்டும் என்று நானும் நர்ஸ்களும் எழுதிக் கொடுத்திருக்கிறோம். அடுத்த மழைக்கு முன்னால் உத்தரவு வர வேண்டும். வராவிட்டால் மறுபடி எழுதுவோம்.