ஆடிக் காற்றில் ஒரு ரோட்டாக்ஸுக்கு ரப்பர் மாற்றினோம்

பாலக்காட்டுக் கணவாய்ப் பக்கம் ஆனி, ஆடி மாதங்களில் சின்ன விமானத்தை வெளியே எடுக்க வழியில்லை. மேற்கேயிருந்து வரும் காற்று கணவாய்க்குள் நுழைந்ததும் வேகம் பிடித்து, கொழிஞ்சாம்பாறை, கோபாலபுரம் தாண்டிப் பொள்ளாச்சி வரைக்கும் தென்னைகளை வளைத்துப் போடும். கஞ்சிக்கோட்டுக் காற்றாலைகளுக்கு அது சீசன். எங்களுக்கு ஷட்டர். அதனால் இன்ஜினைப் பிரிக்கிற மாதிரி வேலை எதுவானாலும் அந்த மாதங்களுக்குத் தள்ளிப் போட்டுவிடுவோம். போன ஆடிக்கு வந்து நின்றது, விமான இன்ஜினில் இருக்கும் ரப்பர் பாகங்களை ஐந்து வருடத்துக்கு ஒருமுறை மாற்றும் வேலை.

எனக்கு அடிப்படையில் பைக் மெக்கானிக் வேலை. கேரளா-தமிழ்நாடு எல்லையோரத்தில் ஒரு தென்னந்தோப்புக்காரர் இரண்டு சீட் லைட் ஸ்போர்ட் விமானம் ஒன்றை ஷெட்டில் வைத்திருக்கிறார். நாங்கள் அவரை ஏட்டன் (மலையாளத்தில் அண்ணன்) என்றுதான் கூப்பிடுவோம். கார்ப்பரேட்டர் கைவந்தவன் என்று யாரோ சொல்லி என்னைக் கூட்டிப் போனார்கள், அப்படியே ஒட்டிக்கொண்டேன். கையெழுத்துப் போடுகிற இன்ஜினியர் பெங்களூரிலிருந்து வருவார். கழற்றுவதும் துடைப்பதும் மாட்டுவதும் நான். அவர் பார்க்காமல் ஒரு கிளாம்ப்கூட மூடக்கூடாது.

இன்ஜின் ரோட்டாக்ஸ் 912 யுஎல். நான்கு சிலிண்டர், 1211 சிசி, 80 குதிரைசக்தி. சிலிண்டர் காற்றில் குளிரும், ஹெட்டுக்கு மட்டும் கூலன்ட். 5,800 சுற்று வரை போகும், ஆனால் நடுவில் 2.27-க்கு 1 கியர்பாக்ஸ் இருப்பதால் புரொப்பெல்லர் அதில் பாதிக்கும் குறைவாகத்தான் சுற்றும். இடுக்கி சத்திரம் ஓடுதளத்தில் 2022 டிசம்பரில் என்சிசி இறக்கிய வைரஸ் எஸ்டபிள்யூ 80 விமானத்திலும் 80 குதிரைசக்தி ரோட்டாக்ஸ் 912-தான். வண்டிப்பெரியாறு பக்கத்துச் சொந்தக்காரர்கள் அன்றைக்கு வீடியோ அனுப்பியபோது நான் விமானத்தைப் பார்க்கவில்லை, சத்தத்தைத்தான் கேட்டேன்.

ரப்பர் மாற்றத்துக்கு மணிக்கணக்கு கிடையாது, காலண்டர்தான். ஓடினாலும் ஓடாவிட்டாலும் ஐந்து வருடம் ஆனால் ஃப்யூயல் ஹோஸ், கூலன்ட் ஹோஸ், ஆயில் ஹோஸ், கார்ப்பரேட்டரை இன்டேக்கோடு சேர்க்கும் ரப்பர் சாக்கெட், உள்ளே சவ்வு மாதிரி இருக்கும் டயஃப்ரம், ஃப்யூயல் பம்ப் எல்லாம் வெளியே வந்தாக வேண்டும். ஏட்டனுக்கு இதில் மனசே இல்லை. "ஓடினதே கொஞ்சம். பைப் எல்லாம் புதுசு மாதிரி பளபளன்னு இருக்கே, எதுக்கு மாத்தணும்?" என்று பில்லைப் பார்த்துவிட்டுக் கேட்டார். கோயமுத்தூரில் மீட்டர் கணக்கில் கிடைக்கும் கார் ஹோஸை வாங்கிப் போட்டால் என்ன என்பது அடுத்த கேள்வி. இன்ஜினியர் வாதாடவே இல்லை. "முதல்ல ஒண்ணைக் கழட்டுங்க தம்பி, அப்புறம் பேசலாம்" என்றார்.

பேட்டரியைப் பிரித்துவிட்டு டேங்கைக் காலி செய்தோம். பெட்ரோலை வடிகட்டும் கேஸ்கொலேட்டர் கிண்ணத்தில் அடியில் முத்து மாதிரி இரண்டு சொட்டுத் தண்ணீர் உருண்டது. மழைக்காலத்தில் பாதி டேங்கோடு நிறுத்தினால் உள்ளே இருக்கும் காற்றின் ஈரம் இறங்கத்தான் செய்யும், அதற்குத்தான் அந்தக் கிண்ணம். பிறகு பம்பிலிருந்து வலது கார்ப்பரேட்டருக்குப் போகும் ஹோஸைக் கழற்றி, பிளேடால் நீளவாக்கில் கீறித் திறந்தேன். வெளியே பளபளப்புதான். உள்சுவரில் மட்டும் மயிரிழை வெடிப்புகள், ஹோஸ் ஏறும் குழாய் முனையான நிப்பிள் உட்கார்ந்திருந்த இடத்தில் கல் மாதிரி இறுகல். விரலால் தேய்த்தால் கறுப்பாகத் தூள் ஒட்டியது. ஏட்டன் அந்தத் துண்டை வாங்கி வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தார். அதற்கப்புறம் பில்லைப் பற்றிப் பேச்சு எழவில்லை.

கார்ப்பரேட்டர் இரண்டும் பிங் 64. பழைய பிஎம்டபிள்யூ பைக்கில் வரும் குடும்பம், வேக்குவத்தில் ஸ்லைடு தூக்கும் வகை. எனக்கு இது சொந்த வீடு. ஆனால் ஒரு விஷயம் தலைகீழ். பைக்கில் த்ராட்டில் கேபிள் அறுந்தால் ஸ்பிரிங் இழுத்து மூடிவிடும், வண்டி நிற்கும். இங்கே ஸ்பிரிங் திறக்கிற பக்கம் இழுக்கும். கேபிள் அறுந்தால் அந்தக் கார்ப்பரேட்டர் முழுசாகத் திறந்துகொள்ளும். வானத்தில் இன்ஜின் அடங்கிப்போவதைவிடக் கத்துவது மேல் என்பது கணக்கு. முதல் தடவை பார்த்தபோது யாரோ மாற்றி மாட்டிவிட்டார்கள் என்றுதான் நினைத்தேன்.

கிண்ணத்தைப் பிடித்திருக்கும் கம்பியைத் தள்ளினால் கையோடு கழன்று வரும், ஸ்பேனர் வேண்டாம். உள்ளே இரண்டு ஃப்ளோட், அதாவது மிதவை, தனித்தனியாகக் கம்பியில் ஏறி இறங்கும். இந்த ஃப்ளோட்தான் ரோட்டாக்ஸ்காரர்களின் தலைவலி. சில ஃப்ளோட் நாளாக நாளாகப் பெட்ரோலைக் குடித்துக் கனத்துவிடும். கனத்த ஃப்ளோட் மேலே எழாது, பெட்ரோல் வரும் வழியை அடைக்கும் ஊசி மூடாது, கிண்ணம் நிரம்பி வழியும், அந்தப் பக்க சிலிண்டர்கள் பெட்ரோல் கூடி ரிச்சாக ஓடி உதறும். கணக்கு எளிது: ஒரு கார்ப்பரேட்டரின் இரண்டு ஃப்ளோட்டும் சேர்ந்து 7 கிராமைத் தாண்டக்கூடாது.

எங்கள் ஷெட்டில் அரை கிராம் காட்டும் தராசு ஏது? துடைத்துக் காயவைத்து, இடது வலது என்று எழுதிய கவர்களில் போட்டு, கடைவீதியில் தெரிந்த நகைக்கடைக்கு எடுத்துப் போனேன். கடைக்கார அண்ணன் கண்ணாடி மூடி வைத்த தராசில் ஒரு ஜோடியை வைத்தார். 6.3. அடுத்த ஜோடி 7.4. "என்னங்க தம்பி, பிளாஸ்டிக்குக்கு இவ்வளவு கவலைப்படறீங்க?" என்றார். இரண்டு ஜோடியையும் கையில் தூக்கிப் பார்த்தால்கூடத் தெரியாத வித்தியாசம். ஆனால் வலது கார்ப்பரேட்டரின் கீழே சொட்டுப் பிடிக்கும் டிரிப் ட்ரேயில் கொஞ்ச நாளாகப் படிந்திருந்த மஞ்சள் கறைக்கு அந்த 7.4-தான் பதில். புது ஜோடி வரவழைத்து, அதையும் அதே தராசில் எடை போட்ட பிறகுதான் உள்ளே போட்டோம். புதுசு என்பதற்காக நம்பிவிட முடியாது.

டயஃப்ரம் இரண்டிலும் ஓட்டை இல்லை. இருந்தாலும் மாற்றினோம். அதில் ஊசிமுனை ஓட்டை விழுந்தாலே ஸ்லைடு சரியாக எழாது, அந்தப் பக்கம் சக்தி போய்விடும்.

ஹோஸ் மாட்டுவதில்தான் நேரம் போனது. ஹாக்ஸா பிளேடால் அறுத்தால் ரப்பர்த் துருவல் உள்ளே விழும், அதனால் புது பிளேடால் ஒரே வெட்டு. அப்படி வெட்டினாலும் தப்ப முடியாது. நிப்பிளின் விளிம்பு கூர்மையாக இருந்தால் ஹோஸைத் தள்ளி ஏற்றும்போது உள்சுவரைச் சீவி ஒரு சின்னச் சுருளை எடுத்துவிடும். அது நேராகப் போய் ஃப்ளோட் ஊசியின் இருக்கையில் உட்காரும். அதனால் இன்ஜினியர் கார்ப்பரேட்டர் முனையைக் கடைசி வரை மாட்ட விடவில்லை. மற்ற எல்லாம் மாட்டி, அந்த முனைகளை ஒரு எவர்சில்வர் போகணிக்குள் விட்டு, வாயில் வெள்ளை வேட்டித் துணியைக் கட்டி, எலெக்ட்ரிக் பம்பைப் போட்டோம். பேட்டரியைத் தள்ளி வைத்து, தீயணைப்பானைப் பக்கத்தில் நிறுத்தி, செல்போன்களை ஏட்டன் வீட்டுத் திண்ணைக்கு அனுப்பிவிட்டுத்தான். துணியில் மிளகில் பாதியளவு கறுப்புத் துணுக்குகள் மூன்று நின்றன. துணியை மாற்றி மறுபடி ஓடவிட்டோம், சுத்தமாக வந்தது.

அதே போகணியில் அளவும் பார்த்துவிட்டோம். ஃபுல் த்ராட்டிலில் இந்த இன்ஜின் மணிக்குச் சுமார் 24 லிட்டர் குடிக்கும். பம்ப் அதற்கு மேல் கால்வாசியாவது கூடுதலாகத் தர வேண்டும். அப்படியென்றால் ஒரு லிட்டர் நிறைய இரண்டு நிமிஷம் வரை போகலாம். எங்களுக்கு அதற்கு முன்பே நிறைந்தது. டேங்குக்குத் திரும்பும் ரிட்டர்ன் லைனில் இருக்கும் சின்ன ஜெட்டையும் ஊதிப் பார்த்தோம். வெயிலில் நின்ற இன்ஜினுக்குள் பெட்ரோல் ஆவியாகி லைனை அடைத்துக்கொள்ளாமல் இருக்க அந்த ரிட்டர்ன்தான் காவல், அது அடைத்தால் மே மாதம் தெரியும் சேதி.

ஆயில் ஹோஸ் மாற்றியபின் சாவியைத் திருப்பி ஸ்டார்ட் செய்துவிட முடியாது. லைனில் காற்று நிற்கும், வால்வைத் தள்ளும் ஹைட்ராலிக் டாப்பெட் ஆயில் இல்லாமல் வெறுமையாகக் கிடக்கும். இக்னிஷன் இரண்டும் ஆஃப் என்று ஒருவருக்கு இருவர் பார்த்துவிட்டு, மேல் பிளக்குகளைக் கழற்றி, கேஜில் பிரஷர் காட்டும் வரை புரொப்பெல்லரைக் கையால் சுற்றினோம். சுற்றுகிற திசையில் மட்டும்தான். பின்னோக்கிச் சுற்றினால் ஆயில் லைனுக்குள் காற்றை இழுத்துவிடும். பிறகு பிளக்கை மாட்டி, டேங்க் மூடியைத் திறந்துவைத்து மறுபடி மெதுவாகச் சுற்ற, கிரான்க்கேஸில் நின்ற ஆயிலெல்லாம் டேங்குக்குத் திரும்பியதும் 'களக்'கென்று ஏப்பம் விட்டது. அந்தச் சத்தம் கேட்ட பிறகு டிப்ஸ்டிக்கை விட்டால்தான் அளவு சரியாக வரும்.

கடைசியாகச் சிங்க்ரனைசேஷன். இரண்டு கார்ப்பரேட்டரும் ஒரே அளவு இழுக்காவிட்டால் ஐட்லிங்கில் இன்ஜின் ஆடும், அந்த ஆட்டம் கியர்பாக்ஸைத் தின்னும். இரண்டு பக்கத்தையும் இணைக்கும் பேலன்ஸ் டியூபைப் பிரித்து, இரண்டு வேக்குவம் கேஜ் மாட்டி, விமானத்தை ஷெட்டின் காற்று மறைவில் தூணோடு கட்டி, வீலுக்குக் கட்டை வைத்து ஸ்டார்ட் செய்தோம். சோக் போட்டால் த்ராட்டிலைத் தொடக்கூடாது, தொட்டால் சோக் வேலை செய்யாது. முள் இரண்டும் ஒன்றாக நிற்கவில்லை. இன்ஜினை நிறுத்து, கேபிள் நட்டைக் கால் சுற்றுத் திருப்பு, மறுபடி ஸ்டார்ட். சுற்றுகிற புரொப்பெல்லருக்குப் பின்னால் நின்றபடி ஸ்பேனர் பிடிக்க இன்ஜினியர் ஒத்துக்கொள்ளவே இல்லை. எனக்கு எரிச்சல்தான், ஆனால் ஆடிக் காற்று ஷெட்டைச் சுற்றி வந்து தள்ளும்போது அவர் சொன்னது நியாயம் என்று பட்டது. ஐட்லிங்கை 1,800 சுற்றுப் பக்கம் நிறுத்தினோம். அதற்குக் கீழே போனால் கியர்பாக்ஸ் கடகடக்கும்.

இவ்வளவும் செய்தபின் உள்ளே எதை ஊற்றுவது என்பதுதான் பெரிய வேலையாகிவிட்டது. இந்த இன்ஜினுக்கு ஆக்டேன் 90 போதும், எத்தனாலும் 10 சதவீதம் வரை தாங்கும் என்று ரோட்டாக்ஸ் எழுதி வைத்திருக்கிறது. நம் பங்க்குகளில் 2023-இல் 20 சதவீதம் எத்தனால் கலந்த இ20 விற்பனைக்கு வந்தது, 2025-க்குள் எங்கே போட்டாலும் அதுதான் என்றாகிவிட்டது. எல்லைக்கு இந்தப் பக்கம் கேரளா, அந்தப் பக்கம் தமிழ்நாடு, பெட்ரோல் விலையில் வித்தியாசம் உண்டு, எத்தனாலில் கிடையாது. எத்தனால் ஈரத்தை இழுக்கும், ரப்பரை ஊதவைக்கும், ஃபைபர் டேங்கின் உள்பூச்சுக்கும் ஆகாது. காசு கொட்டி மாற்றிய ஹோஸுக்குள் அதை ஊற்ற மனசு வராது.

விமானங்களுக்கென்றே வரும் பெட்ரோல், ஏவ்கேஸ் 100எல்எல் இருக்கிறது. 2022-லிருந்து இந்தியன் ஆயில் வடோதராவில் உள்நாட்டிலேயே தயாரிக்கிறது. அதில் எத்தனால் இல்லை, ஈயம் உண்டு. ஈயம் இந்த இன்ஜினின் ஆயில் டேங்கில் சாம்பல் நிறச் சேறாகப் படியும். அதையே ஊற்றினால் 100 மணிக்கு ஒருமுறை மாற்றும் ஆயிலை 50-க்கே மாற்ற வேண்டும். மிச்சம் எத்தனால் கலக்காத 100 ஆக்டேன் பெட்ரோல். அதை விற்கும் பங்க் டவுனில்தான் உண்டு. பிளாஸ்டிக் கேனில் ஊற்ற மாட்டார்கள், மாட்டேன் என்பதும் சரிதான். 1934 பெட்ரோலியம் சட்டப்படி லைசென்ஸ் இல்லாமல் 30 லிட்டருக்கு மேல் வைத்துக்கொள்ள முடியாது. ஆக ஒரு தடவைக்கு ஒரு 20 லிட்டர் இரும்பு கேன்.

ஒவ்வொரு கேனையும் சோதித்துத்தான் ஊற்றுகிறோம். கோடு போட்ட 100 மில்லி கண்ணாடிக் குழாயில் 10 வரை தண்ணீர், ஒரு சொட்டு நீல மை, மேலே 100 வரை பெட்ரோல். மூடி நன்றாகக் குலுக்கி நிறுத்தினால் கொஞ்ச நேரத்தில் பிரியும். நீலக் கோடு 10-லேயே நின்றால் எத்தனால் இல்லை. சாதாரண பங்க் பெட்ரோலை ஊற்றிக் காட்டியபோது கோடு 25-ஐத் தாண்டி நின்றது. தன் காருக்குப் போடுவதும் இதைத்தான் என்று பார்த்தபோதுதான் ஏட்டனின் முகபாவம் மாறியது. இப்போது கேன் வந்தால் குழாயை எடுத்துக்கொண்டு அவரே முதலில் நிற்கிறார்.

ஆவணி பிறந்து காற்று தணிந்ததும் முதல் ஓட்டம். தரையில் ஃபுல் த்ராட்டில், ஃப்யூயல் பிரஷர் 0.15 பாருக்குக் கீழே இறங்கவில்லை, இன்ஜின் மூடியான கவ்லிங்கைத் திறந்து பார்த்தால் டிரிப் ட்ரே காய்ந்திருந்தது. பிளக் நான்கு சிலிண்டரிலும் ஒரே பழுப்பு. இன்ஜினியர் லாக்புக்கில் கையெழுத்துப் போட்டுவிட்டு, ஹோஸ் ஒவ்வொன்றிலும் மாற்ற வேண்டிய மாதம், வருடம் எழுதின டேக் கட்டச் சொன்னார். கட்டியிருக்கிறேன். கூலன்ட் ஹோஸ் கிளாம்ப்களை மட்டும் 25 மணி நேரம் ஓடியபின் ஒருமுறை தொட்டுப் பார்க்க வேண்டும், அது பாக்கி.