ஆவணப்பட முன்னோட்டத்துக்கு முன்சான்று: 3 நாள் கணக்கை நம்பி ஏமாந்தோம்

2024 மக்களவைத் தேர்தலின்போது, எங்கள் ஊர் ஏரி ஆக்கிரமிப்பைப் பற்றி நண்பர்கள் சேர்ந்து எடுத்த ஆவணப்படத்தை ஏப்ரல் 14 அன்று திரையிடுவதாக இருந்தோம். படத்துக்குத் தணிக்கைச் சான்றிதழ் கையில் இருந்தது. உள்ளூர் கேபிளில் ஓடவிருந்த 30 விநாடி முன்னோட்டத்துக்கும் அதுவே போதும் என்று நம்பிவிட்டோம். 2004இல் உச்ச நீதிமன்றம் பிறப்பித்த உத்தரவுக்குப் பிறகு, தொலைக்காட்சியிலும் கேபிளிலும் வரும் அரசியல் விளம்பரங்களுக்கு முன்சான்று கட்டாயம். "வேட்பாளர்கள் பதில் சொல்லட்டும்" என்று எங்கள் முன்னோட்டம் முடிவதால் அதுவும் அந்தக் கணக்கில்தான் சேரும் என்று கேபிள்காரர் கையை விரித்துவிட்டார்.

அந்த முன்சான்றைத் தரும் மாவட்ட ஊடகச் சான்றளிப்பு மற்றும் கண்காணிப்புக் குழுவின் அலுவலகத்துக்குத் தொலைபேசியில் கேட்டபோது, ஒளிபரப்புக்கு 3 நாள் முன்னதாக மனுக் கொடுத்தால் போதும் என்றார்கள். ஏப்ரல் 5 அன்று நேரில் போனபோதுதான், அந்த 3 நாள் பதிவு பெற்ற கட்சிகளுக்கும் வேட்பாளர்களுக்கும் மட்டுமே உரியது, எங்களைப் போன்றவர்களுக்கு 7 நாள் என்று தெரிந்தது. நீங்கள் யார் என்று தொலைபேசியில் ஒரு வார்த்தை கேட்டிருந்தால் இந்த அலைச்சலே இருந்திருக்காது. அந்த ஆதங்கம் இன்னும் தீரவில்லை.

அதோடும் முடியவில்லை. முன்னோட்டத்தின் இரண்டு பிரதிகளைக் கொண்டுபோயிருந்தோம். அதில் பேசப்படும் ஒவ்வொரு சொல்லையும் எழுதிச் சான்றொப்பம் பெற்ற படி இல்லை. எந்தக் கட்சியோ வேட்பாளரோ பணம் கொடுக்கவில்லை, அவர்களின் நலனுக்காகவும் எடுக்கவில்லை என்னும் உறுதிமொழிப் பத்திரமும் இல்லை. பணம் காசோலையாகவோ வரைவோலையாகவோதான் போக வேண்டும் என்பதால், கேபிள்காரருக்கு ரொக்கமாகக் கொடுத்திருந்த முன்பணத்தைத் திரும்ப வாங்கிக் காசோலை கொடுத்தோம். சுவரொட்டி வேலை மட்டும் சிக்கலின்றி முடிந்தது. அச்சகத்தார் கேட்ட உறுதிமொழியையும் இரண்டு சாட்சிகளின் கையொப்பத்தையும் அன்றே கொடுத்துவிட்டோம்.

எல்லாவற்றையும் திரட்டி 8ஆம் தேதி மனுக் கொடுத்தோம். 7 நாள் கணக்குப்படி 15ஆம் தேதிக்கு முன் ஒளிபரப்ப வழியில்லை. திரையிடலை 16ஆம் தேதி மாலைக்குத் தள்ளிவைத்தோம். குழுவினர் முன்னோட்டத்தை இரண்டு முறை போட்டுப் பார்த்தார்கள். குடத்துடன் நிற்கும் பாட்டி பேசும் காட்சியில், அவருக்குப் பின்னால் இருந்த சுவரில் ஒரு கட்சியின் சின்னம் மங்கலாகத் தெரிந்தது. பல மாதங்கள் அதே காட்சியோடு உட்கார்ந்து வேலை செய்த எங்களில் ஒருவர் கண்ணிலும் அது படவில்லை. ஆகவே, விண்ணப்பிக்கும் முன் உங்கள் முன்னோட்டத்தை ஒலியில்லாமல் ஓடவிட்டு, பின்னணியில் சுவர், கொடி, வண்டி என என்னென்ன தெரிகின்றன என்று ஒரு முறையாவது பாருங்கள். அந்தச் சின்னத்தை மறைத்து மறுநாளே திருத்திய பிரதியைக் கொடுத்தோம். 13ஆம் தேதி சான்று கைக்கு வந்தது.

சமூக ஊடக விளம்பரங்களுக்கும் இதே விதி பொருந்தும் என்பதால் இணையப் பதிப்பையும் அதே மனுவில் சேர்த்திருந்தோம். இரண்டாவது முறை அலையாமல் தப்பியது அதனால்தான். ஆனால் அந்த விளம்பரத்தை 18ஆம் தேதி வரை ஓடும்படி அமைத்திருந்தோம். 19ஆம் தேதி மாலை 6 மணிக்கு வாக்குப்பதிவு முடியும். அதற்கு முந்தைய 48 மணி நேரத்தில் தேர்தல் தொடர்பான எதையும் திரையில் காட்டக் கூடாது என்கிறது மக்கள் பிரதிநிதித்துவச் சட்டத்தின் 126ஆம் பிரிவு. 17ஆம் தேதி மாலை ஐந்தரை மணிக்கு நண்பர் ஒருவர் நினைவுபடுத்த, பேருந்தில் நின்றபடியே கைபேசியில் அதை நிறுத்தினேன்.