"ஃபீஸே இல்லன்னா எதுக்கும்மா லோன்?"

எனக்குச் சொந்த ஊர் குடியாத்தம், நெல்லூர்பேட்டை. அப்பா கைத்தறியில் லுங்கி நெய்கிறவர். 2025 ஏப்ரலில் ஜெர்மனியில் எம்.எஸ். சேர்ந்தேன். "அங்க படிப்பு இலவசமாமே, அப்புறம் என்ன?" என்று தெருவில் கேட்காதவர் இல்லை. வங்கி மேலாளரும் அதையேதான் கேட்டார். அட்மிஷன் கடிதத்தை இரண்டு முறை திருப்பிப் பார்த்துவிட்டு, "ஃபீஸே இல்லன்னா எதுக்கும்மா லோன்?" என்றார். பதில் சொல்லத் தெரியாமல் அப்பாவும் நானும் எழுந்து வந்துவிட்டோம்.

அங்கே பெரும்பாலான அரசுப் பல்கலைக்கழகங்களில் கல்விக் கட்டணம் இல்லை என்பது உண்மை. (ஸ்டுட்கார்ட் இருக்கும் பாடன் வூர்ட்டெம்பெர்க் மாநிலம் இதற்கு விதிவிலக்கு. நம் போன்றவர்களுக்கு அங்கே செமஸ்டருக்கு 1,500 யூரோ.) ஆனால் ஒரு வருடச் சாப்பாட்டுக்கும் வாடகைக்குமான பணத்தை முன்கூட்டியே 'பிளாக்டு அக்கவுண்ட்'டில் போட்டுக் காட்டினால்தான் விசா. நான் கணக்குப் போட்டபோது அது 11,208 யூரோ. 2024 செப்டம்பர் 1 முதல் 11,904 ஆகிவிட்டது. யூரோ 90 ரூபாய் என்று வைத்தாலும் கிட்டத்தட்ட பத்தே முக்கால் லட்சம் வருகிறது. அது நம் பணம்தான், போனபின் மாதம் 992 யூரோவாக நமக்கே திரும்பி வரும். ஆனாலும் முதலில் மொத்தமாகக் கட்ட வேண்டும்.

அடுத்த முறை வங்கிக்குப் போகும்போது தூதரகத்தின் அறிவிப்பை அச்செடுத்துக்கொண்டேன். கூடவே ஒரே பக்கத்தில் செலவுக் கணக்கு: பிளாக்டு அக்கவுண்ட், நம் படிப்புச் சான்றுகளைச் சரிபார்த்துத் தரும் ஏ.பி.எஸ். சான்றிதழ் 18,000 ரூபாய், விசா 75 யூரோ, இன்சூரன்ஸ், விமான டிக்கெட். தங்கும் செலவும் கல்விக் கடனில் சேரும் என்று அன்றைக்குத்தான் அவர் ஒப்புக்கொண்டார்.

சிக்கல் அதோடு தீரவில்லை. பெரிய தொகைக்கு அடமானம் கேட்டார்கள். பள்ளிகொண்டா பக்கம் எங்களுக்கு முக்கால் ஏக்கர் இருக்கிறது. விவசாய நிலம் என்றதும் வேண்டாம் என்றுவிட்டார்கள். கடன் கட்டுவது நின்றுபோனால் 2002-ஆம் ஆண்டு சர்ஃபேசி சட்டப்படி விளைநிலத்தின் மேல் வங்கி கைவைக்க முடியாது, காரணம் அதுதான். சரி, வீடு? பட்டா இன்னும் தாத்தா பெயரில். வாரிசுச் சான்று வேண்டும், இரண்டு சித்தப்பாக்களும் விடுதலைப் பத்திரம் எழுதித் தர வேண்டும். ஒருவர் பெங்களூரில். விசா தேதியோ நெருங்கிக்கொண்டிருந்தது.

கடைசியில் அடமானம் இல்லாத 7.5 லட்சம் கடன் மட்டும் கிடைத்தது. ஆம்பூர் ஷூ கம்பெனியில் சம்பளம் வாங்கும் மாமா ஜாமீன் கையெழுத்துப் போட்டார். மீதிக்கு அம்மாவின் ஆரமும் இரண்டு வளையலும் நகைக்கடனுக்குப் போயின. நகையைத் தராசில் வைத்தபோது அம்மா அந்தப் பக்கமே பார்க்கவில்லை, சுவரில் இருந்த காலண்டரைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

இப்போது அனுப்புகிறவர்களுக்கு ஒரு சலுகை உண்டு. வங்கியின் கல்விக் கடனிலிருந்து போகும் பணத்துக்கு 2025 ஏப்ரல் முதல் டி.சி.எஸ். (பணம் அனுப்பும்போதே வங்கி பிடிக்கும் வரி) பிடிப்பதில்லை. சொந்தப் பணம் என்றால் வருடத்துக்கு 10 லட்சம் தாண்டினால் பிடிப்பார்கள், கணக்குத் தாக்கல் செய்யும்போது கழித்துக்கொள்ளலாம்.

உதவித்தொகையை நான் தேடியதே தாமதம், நீங்கள் அப்படிச் செய்யாதீர்கள். ஆதிதிராவிட மாணவர்கள் மத்திய அரசின் தேசிய அயல்நாட்டு உதவித்தொகையைக் கட்டாயம் பாருங்கள், குடும்ப வருமானம் 8 லட்சத்துக்குள் இருக்க வேண்டும். அங்கே போய்ச் சேர்ந்தபின் மாதம் 300 யூரோ தரும் டாய்ச்லாண்ட் ஸ்டிபெண்டியத்துக்கு நாமும் விண்ணப்பிக்கலாம்.

"பார்ட் டைம் பார்த்தே கடனை அடைச்சிடலாம்" என்று ஏஜென்டுகள் சொல்வதை நம்பிக் கணக்குப் போடாதீர்கள். வருடத்துக்கு 140 முழு நாள் வேலை செய்ய அனுமதி இருக்கிறது, ஆனால் ஜெர்மன் பேசத் தெரியாத எனக்கு வேலை கிடைக்கவே ஐந்து மாதம் ஆனது. போனதும் 992 யூரோவும் உடனே வராது. முகவரி பதிந்து, அங்கே ஒரு வங்கிக் கணக்கு திறந்த பிறகுதான் வரும். எனக்கு மூன்று வாரம் இழுத்தது. வீட்டு முன்பணம் வேறு. கையில் ஆயிரம் யூரோவாவது இல்லாமல் விமானம் ஏறாதீர்கள்.

அட்மிஷனுக்கு ஒரு வருடம் முன்பே வீட்டுப் பத்திரத்தை வெளியே எடுங்கள். யார் பெயரில் பட்டா, வில்லங்கத்தில் என்ன வருகிறது என்று பார்த்துவிடுங்கள். போன பொங்கலுக்குச் சித்தப்பாக்கள் இருவரும் குடியாத்தம் வந்து பத்திரத்தில் கையெழுத்துப் போட்டுவிட்டார்கள். தம்பி இப்போது மூன்றாம் ஆண்டு.